போஸ்ட்மார்ட்டம் என்று சொல்லிவிட்டார்களா? வீட்டார் கவனிக்க வேண்டியவை

பிணவறை டாக்டராக இருந்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "அறுக்காம குடுத்துட முடியாதா சார்?" என்பதுதான்.

யார் கேட்டு நடக்கிறது என்று முதலில் பாருங்கள். விபத்து, தற்கொலை, கொலைச் சந்தேகம், விஷம், காவலில் மரணம், நன்றாக இருந்தவர் திடீரென்று போவது: இவையெல்லாம் சட்டப்படி நடப்பவை. இங்கே பொதுவாகக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை, வாதாடினால் நேரம்தான் போகும். நோயாளியாக இருந்து இறந்தவருக்கு நோயின் போக்கை அறிய மருத்துவர்கள் கேட்பது வேறு. அதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். "நெஞ்சு மட்டும் பாருங்கள்" என்று வரம்பும் போடலாம்.

சரி, ஏன் அறுத்துத்தான் பார்க்க வேண்டும்? 'இதயம் நின்றதால் மரணம்' என்பது காரணமே இல்லை, எல்லோருக்கும் கடைசியில் அது நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. தீயில் கருகிய உடலின் மூச்சுக்குழாயில் கரி படிந்திருந்தால், தீப்பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது.

முகம் கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வெட்டு தோள்களில் தொடங்கி நெஞ்சு நடுவே அடிவயிறு வரை இறங்கும். தலையில் காதுக்குக் காது, முடிக்குள். தைத்துத் துணி உடுத்தினால் பெரும்பாலும் தெரியாது.

அப்புறம், வரும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள். எத்தனை மீதி என்பதே ஒரு தகவல். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். பரிசோதனைக்கு முன் உடலைப் பதப்படுத்த விடவே கூடாது, அந்த ரசாயனம் விஷப் பரிசோதனையைக் குழப்பிவிடும்.

குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒருமுறை, விளையாடும்போது விழுந்து இறந்த இளைஞன். இதயத்தைத் தராசில் வைத்தேன்: ஐந்நூறு கிராமுக்கு மேல். முந்நூற்றைம்பதைத் தாண்டினாலே யோசிப்போம். சுவர் தடித்துப் போயிருந்தது. வெளியே நின்ற அண்ணன், கிளம்பும்போதுதான், "சித்தப்பாவும் இப்படித்தான் போனாரு" என்றார். கையெழுத்துப் போட வந்த அவரை உட்காரவைத்து, "தம்பி, நீங்க முதல்ல ஈசிஜியும் எக்கோவும் எடுங்க" என்றேன். இதயச் சுவர் தடிக்கும் இந்த நோய் பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. அதற்கான மரபணுக் கோளாறு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

முதல் கருத்து பெரும்பாலும் அன்றே கிடைக்கும். திசு, விஷப் பரிசோதனை முடிவுகளுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை 'நிலுவையில்' என்று எழுதியிருப்பதை மறைப்பு என்று நினைக்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு. இதயத்தின் மின்னோட்டக் கோளாறு கண்ணுக்குத் தடயம் விடாது. இறந்தவர் இளவயதுக்காரர் என்றால், மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைக்க முடியுமா என்று உடலை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.