கிறிஸ்தவ ஊழியப் பட்டப்படிப்பு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவ ஊழியத்தில் இளநிலைப் பட்டம் படிக்க வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே மேடையில் பேசிப் பழகியவர்கள். ஞாயிறு பள்ளியில் கதை சொல்லியிருப்பார்கள், வாலிபர் கூட்டத்தில் செய்தி கொடுத்திருப்பார்கள், வீட்டு ஜெபக் கூட்டங்களை முன்நின்று நடத்தியிருப்பார்கள். அந்தத் தாலந்தைக் கண்டுதான் சபை அவர்களைப் படிக்க அனுப்புகிறது. ஆனால் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் நீளும் இந்தப் படிப்பு அவர்களிடம் முதலில் எதிர்பார்ப்பது பேச்சுத் திறமையை அல்ல. வேதபகுதி சொல்வதையும், முந்தைய நூற்றாண்டுகளின் திருச்சபை சொல்லிவைத்ததையும், எதிரே அமர்ந்திருக்கும் மனிதர் சொல்வதையும் முழுவதுமாகக் கேட்டு முடிக்கும் பொறுமையைத்தான் எதிர்பார்க்கிறது. இப்படிப்பில் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கேட்டு முடிப்பதற்கு முன்பே பேசத் தொடங்குவதால் வருகிறவை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த அவசரம் விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஊழிய அழைப்பு உறுதியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில், எந்தப் பட்டம், எந்தச் சபைக்கு, எந்தப் பணிக்கு என்று விசாரிக்காமலேயே சேர்ந்துவிடுகிறார்கள். பட்டமும் குருப்பட்டமும் ஒன்றல்ல. பட்டத்தைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வழங்குகிறது, குருவாகப் பணிசெய்ய அதிகாரம் தரும் குருப்பட்டத்தைச் சபை வழங்குகிறது. சில திருச்சபைகள் இளநிலைப் பட்டத்தோடு நிறைவடையாமல் அதற்கு மேலும் இறையியல் படிப்பைக் கேட்கின்றன. சில திருச்சபைகள் தாங்கள் ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் படித்தவர்களை மட்டுமே ஊழியத்தில் அமர்த்துகின்றன. வேறு சில, படிப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பதாரரை நேர்காணல் செய்து, தங்கள் பரிந்துரையோடுதான் அனுப்புகின்றன. இதை இறுதியாண்டில் தெரிந்துகொள்ளும் மாணவருக்கு ஏற்படும் ஏமாற்றம் சிறியதல்ல. ஆகவே சேருவதற்கு முன் சபைத் தலைமையிடம் ஒரு கேள்வியையும் கல்லூரியிடம் ஒரு கேள்வியையும் எழுத்துவடிவில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டத்தை நீங்கள் ஏற்பீர்களா என்பது சபையிடம் கேட்க வேண்டியது. யாருடைய அங்கீகாரம் இதற்கு உண்டு, அதைக் கொண்டு மேற்படிப்புக்கோ மருத்துவமனை, பள்ளி, சிறைச்சாலை போன்ற இடங்களின் ஆன்மிகப் பணிக்கோ விண்ணப்பிக்க முடியுமா என்பது கல்லூரியிடம் கேட்க வேண்டியது. இப்படிக் கேட்பதை விசுவாசக் குறைவாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள் நுழைந்தபின் நேரும் தவறுகளில் மிகப் பரவலானது, நன்றாகத் தெரிந்த வசனத்தைப் புதிதாகப் படிக்க மறுப்பது. எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். நம்மைக் குறித்துக் கர்த்தர் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்ற அந்த வசனம் வாழ்த்து மடல்களிலும் நாள்காட்டிகளிலும் அச்சாகியிருப்பதால், மாணவர் அதை விளக்கி எழுதும்போது முதல் வரியிலேயே தனிமனிதரின் எதிர்காலத்துக்கான வாக்குத்தத்தமாக்கி விடுகிறார். அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து வாசித்தால் காட்சி மாறுகிறது. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சாரால் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைகொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது கடிதம். மீட்பு வரும், ஆனால் 70 ஆண்டுகள் நிறைவேறிய பிறகுதான் என்கிறது பத்தாம் வசனம். அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் எருசலேமை மறுபடி கண்ணால் பார்க்கப்போவதில்லை. அந்த உண்மையைச் சொன்ன கையோடுதான் பதினோராம் வசனம் வருகிறது.

இதற்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கும் மாணவருக்கு இன்னொன்றும் கிடைக்கும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதை அறிவிக்கிறான். அதற்கு எரேமியா ஆமென் என்கிறான். அப்படியே ஆகட்டும் என்று தானும் விரும்புகிறான். பிறகு, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் அணிந்திருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோது, எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறான். கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு உண்டான பிறகுதான் திரும்பி வந்து பேசுகிறான். பதினோராம் வசனத்தின் ஆறுதல் இதனால் எவ்விதத்திலும் குறைந்துவிடுவதில்லை. நீண்ட காத்திருப்பில் இருப்பவர்களுக்கு, தங்கள் வாழ்நாளுக்குள் முடிவு காணாதவர்களுக்கு அது எத்தகைய ஆறுதல் என்பது அப்போதுதான் புரிகிறது. நாள்காட்டியில் மட்டும் அதை வாசித்தவரால் இதைச் சபைக்குக் கொடுக்க முடியாது.

இத்துடன் தொடர்புடைய தவறு, விளக்கவுரை நூலை முதலில் திறப்பது. விளக்கவுரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வரிசைதான் முக்கியம். பகுதியைப் பலமுறை வாசித்து, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் யாரிடம் பேசுகிறார், எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எது புரியவில்லை என்று தானே ஒரு தாளில் எழுதிய பிறகு விளக்கவுரையைத் திறக்கும் மாணவர் அதனுடன் உரையாடுவார். அதற்கு முன்பே திறந்தவர் அதை நகலெடுப்பார். பிறர் எழுதிய வரிகளை மூலம் குறிப்பிடாமல் எடுத்தாள்வது எல்லாப் படிப்பிலும் குற்றமே என்றாலும், ஊழியத்துக்குப் பயிலும் ஒருவர் அதைச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இணையத்திலிருந்து எடுத்த பிரசங்கத்தைத் தன் தியானம்போல் சபையில் பேசும் பழக்கம் பெரும்பாலும் இத்தகைய கட்டுரைகளில்தான் வேர்விடுகிறது.

முதலாண்டிலேயே பலரை உலுக்கும் பாடம் ஒன்று உண்டு. மாற்கு 16ஆம் அதிகாரத்தின் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமப் பிரதிகளான சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை என்று ஆசிரியர் சொல்லும்போது, வகுப்பில் இரண்டு விதமான அவசரங்களைக் காணலாம். ஒரு சாரார், இது விசுவாசத்துக்கு எதிரான பேச்சு என்று அன்றோடு காதை மூடிக்கொண்டு, தேர்வுக்கு வேண்டியதை மட்டும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். இன்னொரு சாரார், இதுவரை நம்பியதெல்லாம் பொய் என்று முடிவுகட்டி, அந்த வாரமே வாலிபர் கூட்டத்தில் போய் அதைச் சொல்லியும் விடுகிறார்கள். இரண்டுமே தவறு. கேள்வியை மூடிவைத்துவிட்டு ஊழியத்துக்குப் போகிறவர், பத்து ஆண்டுகள் கழித்துத் தன் சபையில் ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும்போது கோபப்படுவதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்பார். அரைகுறையாகக் கேட்டதைப் பரப்புகிறவரோ, தனக்கே பதில் தெரியாத ஒன்றைப் பிறர் தலையில் சுமத்துகிறார். கையெழுத்துப் பிரதிகள் எப்படிப் பரவின, அவற்றை எப்படி ஒப்பிடுகிறார்கள், பல வேதாகமப் பதிப்புகளின் அடிக்குறிப்பிலேயே இந்தத் தகவல் ஏன் வெளிப்படையாக அச்சிடப்படுகிறது என்பதையெல்லாம் படித்து முடிக்கும்வரை, அந்தக் கேள்வியை நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரோடும் ஒரு மூத்த போதகரோடும் பேசிக்கொண்டிருப்பதே நல்ல வழி. லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களில், எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்தே எழுதுவதாகச் சொல்கிறார். விசாரித்து அறிவது அந்நியமான வேலை அல்ல.

வேதாகமத்தின் மூலமொழிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எபிரெயமும் கிரேக்கமும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் படித்து வரக்கூடியவை அல்ல. நாள்தோறும் இருபது நிமிடம் சத்தமாக வாசிப்பவர் கரையேறுவார். செயலியில் சொல்லைத் தட்டிப் பொருள் பார்ப்பது மொழி கற்பதாகாது.

திருச்சபை வரலாறு, பலரும் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பாடமாக எண்ணிச் சலித்துக்கொள்வது. அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து நேராக 1517இல் மார்ட்டின் லூத்தருக்கோ, அதையும் தாண்டித் தங்கள் சபை தொடங்கிய ஆண்டுக்கோ தாவிவிடும் மாணவர்களும் உண்டு. இடையில் விட்டுவிட்ட நூற்றாண்டுகள் பிரசங்க மேடையில் வந்து பழிவாங்கும். கிறிஸ்துமஸ் நாளில், இயேசு மனித உடலை மட்டும் உடையாக உடுத்திக்கொண்ட கடவுள், உள்ளே மனித மனம் கிடையாது என்று பொருள்படப் பிரசங்கிப்பவர், நான்காம் நூற்றாண்டில் அப்பொல்லினாரியுஸ் என்ற ஆயர் போதித்ததையே அறியாமல் திரும்பச் சொல்கிறார். 381இல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டாண்டினோபிள் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளிவிட்டது. மனித மனத்தின் பயத்தையும் துயரத்தையும் இயேசு உண்மையிலேயே அனுபவிக்கவில்லை என்றால், சிலுவைக்கு முந்தைய இரவில் அவர் செய்த கெத்செமனே ஜெபத்துக்குப் பொருள் என்ன? 325இல் நிசேயாவிலும் 451இல் கல்கெதோனிலும் ஆயர்கள் இத்தகைய கேள்விகளோடுதான் போராடினார்கள். அந்த ஆண்டுகளைக் கேள்வியோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

களப்பணியைக் கடமைக்கு முடிக்கும் பாடமாக நினைப்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மன நோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்து மீண்ட அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர், 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துச் சென்று பயிற்சி அளித்தார். புத்தகங்களைப் போலவே மனிதர்களையும் கவனமாக வாசிக்கக் கற்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தியது. அந்த வழிவந்த பயிற்சியில், மாணவர் ஒரு நோயாளியைச் சந்தித்துத் திரும்பியதும், இருவரும் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் நினைவிலிருந்து எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். அத்தகைய பதிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

நோயாளி: ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லை தம்பி, பயமா இருக்கு.
மாணவர்: பயப்படாதீங்கம்மா, கர்த்தர் எல்லாத்தையும் பார்த்துக்குவார். ஜெபம் பண்ணலாமா?
நோயாளி: சரிப்பா.

அந்த அம்மாவுக்கு என்ன பயம் என்று ஆசிரியர் கேட்டால் மாணவரிடம் பதில் இருக்காது. அறுவை சிகிச்சையைப் பற்றியா, வீட்டில் தனியாக விட்டுவந்த கணவரைப் பற்றியா, மரணத்தைப் பற்றியா என்று அவர் கேட்கவே இல்லை. ஜெபிக்க அழைத்தது தவறல்ல. ஆனால் அந்த இடத்தில் ஜெபம், தனக்கே சங்கடமாக இருந்த ஓர் உரையாடலை முடித்துக்கொள்ளும் வழியாகிவிட்டது. எதற்காக ஜெபிக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியாமல் போயிற்று. துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்த வரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். எழுதிய பதிவைப் பிறர் முன் வாசித்துத் திருத்தம் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். நன்றாகப் பேசியதுபோல் மாற்றி எழுதிக் காட்டும் மாணவர் மதிப்பெண் பெறலாம்; பயிற்சியை இழந்துவிடுகிறார்.

இங்கே கேட்டறிந்ததை அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்வதும் கூடாது. பெயரை மறைத்தாலும் ஊர் கண்டுபிடித்துவிடும், நம்பிப் பேசியவர் மறுபடி யாரிடமும் வாய்திறக்க மாட்டார். அதே சமயம், ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்று தெரியவந்தால், ரகசியம் காப்பதாகச் சொல்லி மௌனமாக இருப்பது இன்னும் பெரிய தவறு. அதைச் சபையிலும் சட்டப்படியும் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதைக் களப்பணி தொடங்கும் முதல் நாளிலேயே கேட்டு அறிந்திருக்க வேண்டும்.

வார இறுதி முழுவதும் ஊழியம், திங்கட்கிழமை வகுப்பில் உறக்கம் என்ற வாழ்க்கையைத் தியாகமாக எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அழைக்கிற சபைகளும் மாணவருக்குப் படிப்பு இருக்கிறது என்பதை எளிதில் மறந்துவிடுகின்றன; மறுத்துச் சொல்லும் பொறுப்பு மாணவருடையதுதான். இதைவிட நுட்பமான ஆபத்து, வேதாகமம் பாடநூலாக மட்டுமே மாறிவிடுவது. 1935 முதல் 1937இல் நாஜி ஆட்சியின் ரகசியக் காவல்துறை மூடும் வரை, அன்று ஜெர்மனியில் இருந்த ஃபின்கென்வால்டேயில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானிய இறையியலாளர் நடத்திய குருமடத்தில், மாணவர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் ஒரே வேதபகுதியை அமைதியாகத் தியானிக்க வேண்டியிருந்தது. அது பிரசங்கத்துக்கான தயாரிப்பு அல்ல. தொடக்கத்தில் பலருக்கு அது கடினமாகவே இருந்தது. கட்டுரைக்கும் பிரசங்கத்துக்கும் பயன்படாத ஒரு வாசிப்பை நாளில் எங்காவது காத்துக்கொள்ளாதவருக்கு, இரண்டாம் ஆண்டில் வறட்சி வருவதில் வியப்பில்லை. அங்கே இன்னொரு விதியும் இருந்தது: இல்லாத ஒருவரைப் பற்றி யாரும் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். விடுதியில் ஒருமுறை தங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கடைசியாக, இறுதியாண்டு மாணவருக்கு ஒரு சொல். நியமனம் குறித்துச் சபைத் தலைமையோடு பேசுவதைத் தேர்வு முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். கணக்கு எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, சபைப் பதிவேடுகளைப் பராமரிப்பது ஆகியவை பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், ஒரு மூத்த போதகரோடு சில வாரங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழ்களோடு, களப்பணி மதிப்பீட்டு அறிக்கைகளின் நகல்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கும் மருத்துவமனைப் பணிக்கும் விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் அவற்றையும் கேட்கிறார்கள், கல்லூரியை விட்டு வந்தபின் அவற்றைத் தேடிப் பெறுவது கடினம்.