வளரும் நிறுவனத்தின் வியூகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தை வளர்க்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்பவர்களோடு தொடர்ந்து பணியாற்றி வருகிறேன். கணக்கில்லாமல் செலவழிப்பது, தகுதியற்றவரைப் பணியில் அமர்த்துவது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறார்கள். பார்வைக்குத் திறமையைப் போலவே தோன்றும் தவறுகள்தான் நெடுநாள் பிடிபடுவதில்லை என்பதால், அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எதையும் கைவிடாத திட்டம்

எனக்கு இன்றளவும் எரிச்சலூட்டுவது இதுதான். புதிய சந்தை, புதிய தயாரிப்பு, செலவுக் குறைப்பு என அனைத்தும் ஆண்டுத் திட்டத்தில் இருக்கும். எதை நிறுத்தப்போகிறோம் என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. அப்போது ஒவ்வொரு பணிக்கு எதிரிலும் அதை நடத்தப்போகிறவரின் பெயரை எழுதச் சொல்வேன். அண்மையில் ஒரு கூட்டத்தில் அவ்வாறு எழுதி முடித்தபோது, பட்டியல் முழுவதும் இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்தன. அவர்களில் ஒருவர் அங்கேயே அமர்ந்திருந்தார். "இதில் பாதி என் பொறுப்பு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்" என்றார்.

1968-இல் கணினிகளுக்கான நினைவகச் சில்லுகளைத் தயாரிப்பதற்காகத் தொடங்கப்பட்ட இன்டெல், ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் 1980-களின் நடுவில் அத்தொழிலில் நிலைகுலைந்தது. நம் இடத்துக்கு வேறொருவர் வந்தால் என்ன செய்வார் என்று நிறுவனத்தின் தலைவர் ஆண்ட்ரூ குரோவ், தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகத் தொழிலைவிட்டு வெளியேறுவார் என்றார் மூர். 1985-இல் அதை அவர்களே செய்தார்கள். நினைவகத்துக்குப் பதிலாக, கணினியின் மூளையான நுண்செயலியைத் தேர்ந்தெடுத்த தொலைநோக்கைத்தான் பலரும் பாராட்டுகிறார்கள். ஆனால் நுண்செயலி 1971 முதலே அவர்கள் கையில் இருந்தது. தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த தொழிலிலிருந்து ஆட்களையும் ஆலைகளையும் விடுவிப்பதுதான் கடினமாக இருந்தது.

ஆகவே, புதிய பணி ஒன்றைத் திட்டத்தில் சேர்க்கும்போதெல்லாம், நிறுத்தப்படும் பணி, அதிலிருந்து விடுபடும் ஆட்கள், விடுபடும் தேதி ஆகிய மூன்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் புதிய பணியைத் தள்ளிவையுங்கள்.

இலக்கை வியூகமாக எண்ணுதல்

விற்பனையை இரட்டிப்பாக்குவோம் என்பது விருப்பம். எந்த வாடிக்கையாளர், எதற்காக நம்மிடம் வருவார் என்பதற்கு அதில் விடை இல்லை.

முதல் கிளை தேறுமுன் விரிவாக்கம்

வெப்வேன் நிறுவனம் 1999-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இணையவழி மளிகை விநியோகத்தைத் தொடங்கியது. முதல் கிடங்கு லாபம் காணுமுன்பே, பல நகரங்களில் கிடங்குகள் கட்டுவதற்கு அதே ஆண்டில் சுமார் 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2001 ஜூலையில் மூடப்பட்டது. ஒரு கிளையின் வரவு செலவைத் தனியே போட்டுப் பாருங்கள். விற்பனை கூடும்போது ஒவ்வோர் ஆர்டரிலும் ஏற்படும் நட்டம் குறையவில்லையென்றால், புதிய கிளைகள் அந்த நட்டத்தைத்தான் பெருக்கும்.

போட்டியாளரைப் பார்த்து விலை குறைத்தல்

அவருடைய செலவுக் கணக்கு உங்களிடம் இல்லை.

அனுமானங்களை எழுதாமல் விடுதல்

வாடிக்கையாளர்கள் விலையேற்றத்தை ஏற்பார்கள், மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்கும் என்பன போன்ற அனுமானங்களின் மேல்தான் ஒவ்வொரு திட்டமும் நிற்கிறது. எது பொய்த்தால் திட்டத்தை மாற்றுவோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்து, மாதந்தோறும் சரிபார்க்கும் பொறுப்பை, அந்தத் திட்டத்தை முன்மொழியாத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.