சில்லறையில் எரர் காசு பார்ப்பது எப்படி?

காசு அடிக்கும் ஆலையிலேயே பிழையோடு வெளிவந்ததுதான் எரர் காசு. அதைத் தேட மைக்ரோஸ்கோப் எல்லாம் வாங்க வேண்டாம். அதில் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் எரர் மாதிரிதான் தெரியும். நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, மேஜை விளக்கு போதும்.

முதலில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். எந்த ஆலையில் அடித்த காசு என்று காட்டும் குறி, அதாவது மின்ட் மார்க், அங்கேதான் இருக்கும். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா; அதை 'மின்ட் மார்க் விடுபட்ட காசு' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ரூபாய்க் குறியீடு இல்லாத பழைய 10 ரூபாயும் எரர் இல்லை. அந்தக் குறியீடு காசில் ஏறியதே 2011-ல்தான்.

அடுத்து, காசைத் திருப்புவது. பலர் சறுக்குவது இங்கேதான். சிங்க முத்திரை நேராக நிற்கும்படி பிடியுங்கள்: மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல், கீழ் விளிம்பில் கட்டைவிரல். விரல்களை எடுக்காமல், புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு (டை) சுழன்றிருக்கிறது. இதைத்தான் டை ரொட்டேஷன் என்கிறார்கள். அமெரிக்க வீடியோவைப் பார்த்து மேலிருந்து கீழாகத் திருப்பினால் நம் காசு அத்தனையும் தலைகீழாகத்தான் தெரியும். அவர்கள் காசு அடிக்கும் முறையே வேறு. லேசான சாய்வை நான் கணக்கில் எடுப்பதில்லை. 90 டிகிரி என்றால் தனியாக எடுத்து வைப்பேன்.

காசில் கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அச்சில் விரிசல். அதற்குள் உலோகம் புகுந்து காசில் புடைத்திருக்கிறது. பள்ளமாக இருந்தால் வெறும் கீறல்தான்.

விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு குறைகிறதா? நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அச்சில் அடிப்பதற்கு முன்பே, தகட்டிலேயே வெட்டுப்பட்டு வந்த காசில் அந்த இடமும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். யாராவது அரத்தால் ராவியிருந்தால் அங்கே விளிம்பு நன்றாகவே இருக்கும்.

எடை பார்க்கும்போது அதே வரிசைக் காசோடு ஒப்பிடுங்கள். 2011 வரிசை 1 ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசையில் அது 3.09 தான்.

அப்புறம், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கிடைத்தபடியே காகித உறையில் போடுங்கள்.

பின்சேர்க்கை: 'லட்சக்கணக்கில் விலை தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்புகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரு பைசா அனுப்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. இன்னொன்று, வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த காசும் எரர் இல்லை; 2012-ல் வந்த நினைவுக் காசு.