அருவிக்கு ஒருநாள் மலையேற்றம்: திரும்பும் நேரத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

சிகரத்துக்குப் போகும்போது முதலில் ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். அருவி பெரும்பாலும் பள்ளத்தாக்கின் மடியில் கிடக்கும். பல பாதைகள் முகட்டில் தொடங்கி அருவியடிக்கு இறங்குகின்றன. கடும் ஏற்றம் கால் ஓய்ந்தபின் வருகிறது. எனவே கிளம்பும் முன் வரைபடத்தில் உயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) பாருங்கள். மொத்தத் தூரத்தைவிட, ஏற்றம் எந்தப் பாதியில் வருகிறது என்பதே முக்கியம்.

நேரத்தைக் கணிக்க ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. போக வர 12 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 900 மீட்டர் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். அது நல்ல பாதைக்கான கணக்கு. வேரும் உருட்டுக்கல்லும் ஓடையும் நிறைந்த அருவிப் பாதைக்குப் பாதியளவாவது கூட்டுங்கள்: 6 மணி. அருவியில் 1 மணி நேரம் இருந்தால் 7. மாலை 6-க்கு இருட்டும் என்றால் 4 மணிக்கே திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள்; பள்ளத்தாக்கில் வெளிச்சம் முன்னதாகவே மங்கும். அப்படியானால் காலை 9 மணிதான் கடைசி வரம்பு. மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் அதிகம் என்பதால் 6 மணிக்கே நடக்கத் தொடங்குவது நல்லது. எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்து, ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அருவியின் இரைச்சல் காதில் விழுந்தபின் அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூடுதல். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடலில் உப்பு குறையும். இடையிடையே உப்புள்ள தின்பண்டம் வேண்டும். ஓடைநீரைக் கொதிக்க வைத்தோ, கிருமியை நீக்கும் வடிகட்டியில் வடித்தோதான் குடிக்க வேண்டும். தெளிவாக இருப்பதாலேயே அது சுத்தமாகிவிடாது.

ஓடையைக் கடப்பதுதான் இந்த நடையின் உண்மையான சோதனை. நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காதீர்கள். குறுகலான இடத்தில் நீர் ஆழமாகவும் வேகமாகவும் போகும். அகன்று பரந்த இடமே பாதுகாப்பு. அருவி விழும் விளிம்புக்குச் சற்று மேலே எக்காரணம் கொண்டும் கடக்கக் கூடாது. ஷூவைக் கழற்ற வேண்டாம். பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, கோலும் இரு காலுமாக மூன்றில் ஒன்றை மட்டும் ஒரு நேரத்தில் நகர்த்தி, பக்கவாட்டில் செல்லுங்கள்.

தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழை வெள்ளமாக இறங்கலாம். நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். மறுகரையில் மாட்டிக்கொண்டால் நீர் வடியும்வரை அங்கேயே காத்திருப்பதுதான் சரி.

கடைசி நூறு மீட்டரில்தான் பலர் விழுகிறார்கள். சாரல் படும் பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாசி படர்ந்திருக்கும். கருத்துப் பளபளக்கும் பாறையை மிதிக்காமல், உலர்ந்து வெளிறிய, சொரசொரப்பான பாறையில் முழுப்பாதத்தையும் வைத்து நடங்கள். அருவியடி மடுவில் குதிக்க வேண்டாம். அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று நுரை காட்டாது. காற்றுக் குமிழி கலந்த நீரில் உடல் மிதப்பதும் குறைவு. விழும் நீர் ஆளை அடியிலேயே சுழற்றிப் பிடித்துவைக்கும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் மூச்சைத் தன்னையறியாமல் உள்ளிழுப்போம், அந்த நொடியில் வாய் நீருக்குள் இருக்கக் கூடாது. குளிக்க ஆசையென்றால், அருவியைவிட்டு விலகி, நீர் அமைதியாகப் போகும் இடத்தில் இடுப்பளவுக்குள் நில்லுங்கள். நனைந்த உடையை மாற்றிய பிறகே சாப்பிட உட்காருங்கள். காற்று வீசினால் குளிர் விரைவில் ஏறும்.

திரும்பும் முன் காலுறையை மாற்றுங்கள். ஈரத் தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். ஓரிடத்தில் எரிச்சல் தெரிந்தவுடனே அங்கே பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் எழுந்தபின் ஒட்டினால் பாதிப் பயன்தான். இறக்கத்தில் அடியைச் சிறிதாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்குங்கள். தலையில் மாட்டும் ஹெட்லைட்டைப் பையின் அடியில் புதைக்காமல் மேல் அறையில் வையுங்கள். விசில் கழுத்திலேயே இருக்கட்டும்: உதவி வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். ஆனால் அருவிக்கு அருகில் ஊதினால் இரைச்சலில் கேட்காது. நடக்க முடிந்தால் ஒரு வளைவு தள்ளிப்போய் ஊதுங்கள்.