சூரிய மின்சாரமும் பேட்டரியும்: செட்டிநாட்டு வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் மொட்டைமாடிகளில் சூரிய மின்தகடுகள் பெருகி வருகின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத இந்தச் செம்மண் சீமையில் ஒரு கிலோவாட் தகடு, ஆண்டுச் சராசரியாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆகவே இங்கே உற்பத்தி பெரிய சிக்கல் அன்று, நேரம்தான் சிக்கல். வெயில் உச்சியில் நிற்கும்போது பல வீடுகளில் மின்செலவு குறைவாக இருக்கிறது. மின்விசிறியும் ஏசியும் விடியவிடிய ஓடும் இரவில் வெயில் இல்லை. எந்த நேரத்து மின்சாரத்தை எந்த நேரத்திற்கு நகர்த்தப் போகிறோம் என்று யோசிக்காமல், "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்று மட்டும் கேட்டுத் தொடங்குவதிலிருந்தே மற்றத் தவறுகள் பலவும் பிறக்கின்றன.

தகடு இருந்தால் கரண்ட் போனாலும் வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்று நம்புவது மிகப் பரவலான தவறு. மானியத்தோடு போடப்படும் அமைப்புகளில் பெரும்பாலானவை, பேட்டரி இல்லாமல் தெருக்கம்பியோடு இணைந்தே ஓடும் ஆன்கிரிட் வகையைச் சேர்ந்தவை. தெருக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் அவற்றின் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்ததை இந்தப் பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் உச்சி வெயிலிலும்கூட ஆன்கிரிட் தகடு ஒரு விளக்கையும் எரிக்காது. மின்தடைக்கும் உதவ வேண்டுமானால் பேட்டரியோடு இணையும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் வீட்டிற்கு 78,000 ரூபாய் மானியம் என்பது தகட்டின் திறனை வைத்துக் கணக்கிட்டதே தவிர, பேட்டரியைக் கருதியதன்று.

வீட்டிலிருந்து போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டரையே சேமிப்பு என்று எண்ணுவது இதற்கு உடன்பிறந்த தவறு. பகலில் வெளியே அனுப்பிய யூனிட்டுகள் கணக்கில் கழிக்கப்படுகின்றன. மின்சாரம் எங்கும் தேங்கி நிற்பதில்லை. மாலையில் நாம் எடுப்பது அந்த நேரத்தில் எங்கோ ஓர் அனல் நிலையமோ நீர்மின் நிலையமோ உற்பத்தி செய்வதைத்தான்.

பேட்டரியின் கொள்ளளவைப் பற்றிய மயக்கம் இன்னும் பெரியது. இன்வெர்ட்டரோடு வாங்கும் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியைப் பெருக்கிப் பார்த்தால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட் வரும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் குறையும் என்பதால் 0.9 யூனிட்டை மட்டுமே நம்பலாம். இன்வெர்ட்டர் இழப்பும் போக முக்கால் யூனிட்டைத் தாண்டாது. ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடவே ஏறக்குறைய 1 யூனிட் கேட்கும். இந்தக் கணக்கைப் போடாமல் "இரண்டு பேட்டரி வைத்தால் இரவு முழுக்க ஏசி ஓடும்" என்று விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே நம்பிக்கொள்கிறார்கள். பேட்டரியைப் பெருக்குவதற்கு முன் செலவைச் சுருக்குவதே சிக்கனம். 75 வாட் மின்விசிறிகள் நான்கு எட்டு மணி நேரம் சுற்றினால் 2.4 யூனிட், குறைந்த மின்சாரத்தில் சுற்றும், 30 வாட் அளவிலான பிஎல்டிசி வகை மின்விசிறிகளாக மாற்றினால் அதே காற்றுக்கு 1 யூனிட்டுக்கும் குறைவு. மின்விசிறியை மாற்றும் செலவு, கூடுதல் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். அதேபோல, போர்வெல் மோட்டாரை அதிகாலையில் போடும் பழக்கத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினால் மேல்நிலைத் தொட்டியே பாதிச் சேமிப்பாகிவிடும். அதற்குத் தனியாக ஒரு காசும் செலவில்லை. மோட்டாரைப் பேட்டரியில் ஓட்ட நினைப்பவர்கள், தொடங்கும் கணத்தில் அது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது பருவக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கி வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் தண்ணீர் தரும் ஊரணியைப் போலப் பேட்டரியும் பருவம் தாண்டிக் கைகொடுக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வீட்டுப் பேட்டரி நகர்த்துவது பகலை இரவுக்கு மட்டுமே. மிஞ்சினால் ஒரு நாளை மறுநாளுக்கு. வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாள் வானம் மூடிக்கிடந்தால், வரத்துக்கால் அடைபட்ட ஊரணிதான் அது. அந்த மூன்று நாளுக்காகப் பேட்டரியை மூன்று மடங்காக்குவது வீண்; அந்த நாட்களை மின்வாரியத்தின் கம்பியிடம் விட்டுவிடலாம்.

பருவத்தைச் சமன்செய்வது மாநில அளவிலான வேலை. அங்கே நம்பிக்கைக்கு நல்ல காரணம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கணவாய்ப் பகுதியில், முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வேகமாகச் சுழல்கின்றன. நமக்கு அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில், கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரியப் பூங்கா பகலில் தருகிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலேற்றி வைத்து, தேவை உச்சம் தொடும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை தர வல்லது. வெயில், காற்று, மலைத் தண்ணீர் மூன்றும் ஒன்றின் குறையை மற்றொன்று தாங்குகின்றன. இதைப் பார்த்துவிட்டு, ஆடிக்காற்றை நம்பித் தம் மாடியில் குட்டிக் காற்றாலை வைக்க விரும்புவோருக்கு ஒரு சொல்: காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். கணவாய்க் காற்று வேறு, வீடுகளுக்கும் வேம்புக்கும் இடையே சிதறி வரும் தெருக்காற்று வேறு.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். கல்யாணத்திற்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீட்டிற்கு, அந்தச் சில நாள் கூட்டத்தை மனத்தில் வைத்துப் பெரிய பேட்டரி வாங்குகிறார்கள். ஈய-அமில பேட்டரி வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அடுத்த விசேஷத்திற்குத் திறக்கும்போது அது வெறும் பாரம். இத்தகைய வீட்டிற்குப் பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அமைப்பே போதும். விசேஷ நாளுக்கு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுப்பது மலிவு. பேட்டரி வேண்டியே தீரும் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை வாங்கி, பாதி ஏற்றிய நிலையில் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பூட்டலாம்.

இடத்தேர்விலும் கவனம் வேண்டும். சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கு உத்திரமும் தாங்கும் பழைய மாடியில் கான்கிரீட் கட்டைகளை வைத்துத் தகடு நிறுத்துவதற்கு முன் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும். முகப்பின் கோபுர அலங்காரமும் கைப்பிடிச் சுவரும் மாலையில் நீள நிழல் போடும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின் மீது நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் உற்பத்தியும் சரியக்கூடும். பேட்டரியை மாடியறையில் ஓட்டுக்கூரைக்கு அடியில் வைப்பதைவிட, தடித்த சுவரும் காற்றோட்டமும் உள்ள கீழ்க்கட்டில் வைப்பதே மேல். ஈய-அமில வகைக்கு, 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகையும் ஆயுளைப் பாதியாக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் பூசையறை விளக்குக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

பேட்டரி வேதியியலுக்கு நம் ஊரிலேயே பெரிய நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் அது திறக்கப்பட்டது. அப்படியிருந்தும் அதே ஊரில் பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்து இணைக்கும் வழக்கம் ஓயவில்லை. நலிந்தது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றினால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். கழற்றிய ஈய பேட்டரியை இரும்புக்கடையில் எடைக்குப் போடாமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. புதியதன் விலையில் பழையதற்கான தொகையையும் அங்கே கழித்துக்கொள்வார்கள்.