வாட்டர் ப்ரூஃபிங் கான்ட்ராக்டரின் ரிவியூவை மழைக்கணக்கில் படிப்பது எப்படி

சென்னையில் மொட்டை மாடி ஒழுகலுக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில்தான் தேடுவார்கள். நானும் ஒரு மே மாதம் தேடி, கூகுள் மேப்பில் 4.9 ஸ்டார் வைத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். வேலை முடிந்த அன்று சாயங்காலமே சூப்பர்வைசர் பையன் சிரித்துக்கொண்டு செல்போனை நீட்ட, நானும் ஐந்து ஸ்டார் தட்டிவிட்டேன். நவம்பரில் படுக்கையறை மூலையில் ஓதம் ஏறி, ஒரு ராத்திரி மேல்பூச்சு பெயர்ந்து கட்டில் மேலேயே விழுந்தது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ரிவியூ எந்த மாதம் எழுதப்பட்டது என்பதை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதை ஒருமுறையாவது தாண்டாத வேலைக்குக் கிடைக்கும் பாராட்டு, புது பெயின்ட்டுக்குக் கிடைத்த பாராட்டு, அவ்வளவுதான். கூகுள் தேதியைச் சொல்லாமல் '7 மாதங்களுக்கு முன்பு' என்றுதான் காட்டும், விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்: ஜூனில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால் அது நவம்பர், அடைமழையில் ஒருவர் மெனக்கெட்டு எழுதியது, வரிவரியாகப் படியுங்கள். முன்பு எழுதியதைத் திருத்தி, 'இரண்டு மழை பார்த்துவிட்டேன், ஒழுகவில்லை' என்று ஒருவர் சேர்த்திருந்தால் அந்த ஒன்றே போதும், மற்ற முப்பதைத் தள்ளிவிடலாம்.

அப்புறம், ரிவியூ பகுதியிலேயே தேடும் வசதி இருக்கிறது. 'லீக்', 'அட்வான்ஸ்', 'வாரன்டி' என்று ஆங்கில எழுத்திலும் தமிழிலும் போட்டுப் பாருங்கள், நம் ஆட்கள் தங்கிலீஷில்தான் திட்டுவார்கள். 'போன் எடுக்கவில்லை' என்ற ஒரு ஸ்டாரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வரவே இல்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எனக்குப் பிடித்தது மூன்று ஸ்டார்தான்: தண்ணீர் ஓட வாட்டம் சரியாக எடுத்தார்கள், மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றியுள்ள இடுக்கை மட்டும் சரியாக அடைக்கவில்லை, கூப்பிட்டதும் வந்து சரிசெய்தார்கள் என்று எழுதுகிறவருக்கு யாரையும் தூக்கிவிட வேண்டிய அவசியம் இருக்காது.

ஒரே வாரத்தில் பதினைந்து பேர் 'நல்ல சர்வீஸ், நியாயமான விலை' என்று எழுதியிருந்தால் பெயரைத் தட்டி, அவர்கள் வேறு எதற்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். புனேயில் பல் டாக்டர், லூதியானாவில் பியூட்டி பார்லர், நடுவில் வேளச்சேரி மொட்டை மாடி என்று ஒரே ஆள் போட்டிருந்தால் புரிந்துவிடும். (ஆன்லைன் ரிவியூக்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற இந்தியத் தரநிலை 2022 நவம்பரில் வந்தது. வந்தபோது கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள்.)

திட்டியவர்களுக்கு கான்ட்ராக்டர் என்ன பதில் போட்டிருக்கிறார் என்பதையும் பாருங்கள். 'எங்களைத் தொடர்புகொள்ளவும்' என்பது பதிலே இல்லை. 'வந்து பார்த்தோம், கைப்பிடிச்சுவர் அடியில் விரிசல், அடைத்துக் கொடுத்தோம்' என்பது பதில்.

இன்னொன்று, ஸ்டார் ஆபீஸுக்குத்தான், மேலே ஏறி வேலை செய்வது ஏதோ ஒரு மேஸ்திரியின் ஆட்கள். யார் மேஸ்திரி என்று கேட்டு, அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பு முடித்த வீடு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள், மாடியை விட்டுவிட்டு கீழே சீலிங்கைப் பாருங்கள். வேலை முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, மாடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைத்துக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைசித் தவணை என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் 4.9 ஆக இருந்தாலும் விடுங்கள்.

கடைசி நாள் உங்களிடமும் செல்போனை நீட்டுவார்கள். பொங்கலுக்குப் போடுகிறேன் தம்பி என்று சொல்லி, டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.