திருகோணமலைக்கு முதலில் வந்த பூட்டனைத் தேட

எங்கள் குடும்பத்தில் திருகோணமலைக்கு முதலில் வந்தவர் அப்பப்பாவின் தகப்பன். யாழ்ப்பாணப் பக்கத்து வேலணையிலிருந்து வந்து டொக்யாட்டில் (கப்பல் பழுதுபார்க்கும் துறையில்) வேலைக்குச் சேர்ந்தவர். உங்கள் பூட்டனையும் தேடுகிறீர்களா? முதலில் வீட்டில் மூத்தவர்களோடு இருந்து கதையுங்கள். எந்த வருஷம் வந்தார் என்றால் தெரியாது என்பார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு முன்னமா, பின்னமா என்று கேளுங்கள்; கதை தானாக வரும்.

அப்புறம் பிறப்புச் சான்றிதழ். தகப்பன் பெயர்தான் நமக்கு முன்னெழுத்து, அதனால் ஒவ்வொரு தலைமுறையாகத்தான் பின்னால் போகலாம். இலங்கையில் பிறந்த பாட்டனின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதுவதற்கென்றே சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம்.

நான் பெரிதாக நம்புவது காணி உறுதியைத்தான், அதாவது நிலப் பத்திரத்தை. விற்றவர், வாங்கியவர் மட்டுமல்ல, நான்கு எல்லையிலும் யாருடைய காணி என்றும் எழுதியிருக்கும். எங்கள் உறுதியில் வடக்கு எல்லைக்காரர் பூட்டனின் மச்சான். அவருடைய பேத்தி வீட்டில்தான் பூட்டியின் படம் கிடைத்தது, கழுத்தில் அட்டியலோடு! உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஞானப் பெற்றோர் பெயர்களையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அநேகமாக அவர்களும் சொந்தக்காரர்தான்.